கப்பல் ஏறாத காலனியம்

1938 டிசம்பரில் தாம்பரத்தில் ஓர் உலக மாநாடு நடந்தது. அகில உலக மிஷனரி பேரவை அதைச் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடத்தத் திட்டமிட்டிருந்தது. ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விடுதிகளில், ஏறத்தாழ 70 நாடுகளைச் சேர்ந்த 470 பேர் தங்கினார்கள். ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் இந்த மாநாட்டுக்கென்றே ஒரு பெரும் நூல் எழுதியிருந்தார். கிறித்தவம் தவிர்த்த சமயங்கள் எல்லாம் மனித முயற்சிகள், தெய்வ வெளிப்பாடு அவற்றுக்கு இல்லை என்பது அதன் சாரம். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறித்தவர்கள் அதே ஆண்டில் ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டு அதை மறுத்தார்கள். அவர்களும் கிறித்தவர்களே. கிறித்துவை ஏற்றவர்கள், கிரேமர் உட்கார்ந்திருந்த நீதிபதி நாற்காலியை ஏற்கவில்லை.

மாநாட்டுக்கு ஆளனுப்பிய நாடுகளில் பல, அன்று கடல்கடந்து ஓரடி நிலத்தையும் ஆளாதவை. ஆனாலும் அந்த நாற்காலியில் அமர அவற்றுக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பேரரசு இல்லாத மக்களிடமும் பேரரசு மனம் இருக்குமா என்ற கேள்வி கடந்த 20 ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வுலகில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. பட்ரீசியா புர்ட்சர்ட், ஹரால்ட் ஃபிஷர் டினே இருவரும் 2015-இல் தொகுத்த நூல் சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொண்டது. தங்கள் கைகள் சுத்தம் என்று சொல்லிவந்த நாடு அது. ஆனால் பாசல் மிஷன் 1834 முதல் மங்களூரில் இருந்தது. ஓட்டுத் தொழிற்சாலை நடத்தியது. நம் பழைய வீடுகளின் மங்களூர் ஓட்டில் அதன் பங்கு உண்டு. பாசல் மிருகக்காட்சி சாலையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1930-கள் வரை ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் வேலிக்குள் நிறுத்திக் காட்டினார்கள். ஸ்வீடன் 1922-இல் உப்சாலாவில் இன உயிரியலுக்கென்று அரசு நிறுவனமே தொடங்கித் தன் வடகோடியில் வாழ்ந்த சாமி மக்களின் மண்டையை அளந்தது.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது போலந்து. மூன்று அண்டை அரசுகள் கூறுபோட்டு, 1918 வரை உலக வரைபடத்திலேயே இல்லாதிருந்த நாடு. அடிமைப்பட்டவரின் வலி தெரிந்த மக்கள். விடுதலை கிடைத்துச் சில ஆண்டுகளிலேயே அங்கே ‘கடல், காலனி சங்கம்’ என்று ஓர் அமைப்பு தழைத்தது. 1930-களின் முடிவில் ஏறத்தாழ 10 லட்சம் உறுப்பினர்கள். எங்களுக்கும் காலனி வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள், லைபீரியாவையும் மடகாஸ்கரையும் கண்வைத்தார்கள். ஒரு காலனியும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது: அடி வாங்கியவர் அடிக்க மாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இங்கே தமிழர் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்கான பாதை ஸ்காட்லாந்து வழியாகப் போகிறது. கிறித்தவக் கல்லூரியை வளர்த்தவர்கள் ஸ்காட்டியர். சென்னை மாகாண ஆளுநராக இருந்து, ரயத்துவாரி முறையை நிலைநாட்டி, தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரைமேல் இன்றும் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவும் ஸ்காட்டியர்தான். மைக்கேல் ஹெக்டர் 1975-இல் எழுதிய நூல் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூன்றையும் இங்கிலாந்தின் உள்நாட்டுக் காலனிகள் என்று வாதிட்டது. அது சரியாகவே இருக்கட்டும். அந்த உள்நாட்டுக் காலனியிலிருந்து வந்தவர்கள்தான் நம்மை ஆண்டார்கள். ஆளப்படுவதும் ஆள்வதும் ஒரே ஆளிடம் கூடும்.

தமிழருக்கும் அது கூடிற்று. முதலாம் இராசேந்திரன் 1025 வாக்கில் கடாரம் சென்ற கதையை மேடைக்கு மேடை சொல்லிப் புல்லரித்துக்கொள்கிறோம். கடாரத்துக்காரர் அதை எப்படி நினைத்திருப்பார் என்று யாரும் மேடையில் கேட்பதில்லை. அதை விடுவோம், ஆயிரம் ஆண்டுப் பழங்கதை. பர்மா அவ்வளவு பழையதில்லை. நகரத்தார் அங்கே படையோடு போகவில்லை, பெட்டகத்தோடு போனார்கள். ஆனால் பிரிட்டிஷ் சட்டமும் நீதிமன்றமும் அவர்கள் கடன் பத்திரத்துக்குப் பின்னால் நின்றன. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்தது 1938-க்குள் 25 விழுக்காடாக ஏறிற்று. வட்டிக்கடை தர்மப்படி அதில் தவறில்லை என்பார்கள். பர்மிய விவசாயிக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. அதே காலத்தில் இலங்கை, மலேயத் தோட்டங்களில் தமிழ்க் கூலியின் முதுகில் நின்றவர் தமிழ்க் கங்காணி. பேரரசுக்கு நாம் கூலியும் கொடுத்தோம், கங்காணியும் கொடுத்தோம், கணக்கரும் கொடுத்தோம்.

உள்நாட்டுக் காலனியம் என்ற கருத்தை மெக்சிகோவின் பாப்லோ கொன்சாலஸ் கசநோவா 1965-இல் விரிவாக முன்வைத்தார். நமக்கு அது அதற்கு முன்பே தெரியும். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று அண்ணா சொன்னது அதே கருத்தை ஒரு மூச்சில் சொன்னதுதான். வரி இங்கிருந்து போகிறது, திட்டம் அங்கே போடப்படுகிறது, மொழி மேலிருந்து இறங்குகிறது, நம்மைக் கேட்பாரில்லை என்ற குற்றச்சாட்டை முக்கால் நூற்றாண்டாகத் தமிழக அரசியல் டெல்லியின் மீது வைத்துவருகிறது. பெரும்பாலும் நியாயமாகவே வைத்துவருகிறது. ஆனால் அந்தக் கண்ணாடியைக் கோட்டையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. மாநகரம் தன் தெற்குப் புறநகரை நடத்திய விதத்தில் அதே வரி, அதே திட்டம், அதே கேட்பாரின்மை இருக்கிறதா? இருக்கிறது என்பது என் முடிவு. இதில் புதுமையும் இல்லை. இந்த மண்ணுக்கு அது பழைய பழக்கம்.

சென்னையும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் தோற்றக் கதையே ஒரு குடியேற்றக் கதை. ஆதொண்டை என்ற சோழ இளவரசன் புழல் கோட்டைக் குறும்பரை வென்று, காட்டை வெட்டி, வெளியிலிருந்து வேளாளரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் என்பது மரபு. வரலாறாக அது எவ்வளவு தேறும் என்பது வேறு வழக்கு. கதை எதற்குப் பயன்பட்டது என்பதே இங்கு முக்கியம். செங்கல்பட்டுச் சீமை 1763-இல் கம்பெனியின் ஜாகீரான பின், கிராம நிலம் யாருக்குச் சொந்தம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் விசாரித்தார்கள். காடு வெட்டிக் குடியேறியவரின் வாரிசுகள் நாங்கள், காணியாட்சி எங்களுடையது என்று மிராசுதார்கள் பதில் சொன்னார்கள். கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1810-களில் மிராசு உரிமை பற்றி எழுதியபோது இந்த மரபுக்கும் அதில் இடம் கிடைத்தது. வென்றவனின் கதை பட்டாவாயிற்று.

மிராசு உரிமை உழுத நிலத்தோடு நிற்கவில்லை. தரிசின் மீதும் மிராசுதாருக்கே முதலுரிமை. பண்ணையில் உழைத்த பறையர் ஒருவர் யாரும் தொடாத தரிசுத் துண்டை அரசிடம் கேட்டாலும், மிராசுதார் ஆட்சேபித்தால் கதை முடிந்தது. இதையெல்லாம் 1891-இல் அறிக்கையாக எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர். அதன் விளைவாக 1892-இல் பிறந்ததுதான், ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். உள்ளூர்க் காலனியத்தை முதலில் ஆவணப்படுத்தியவர் ஒரு காலனி அதிகாரி என்பது சங்கடமான உண்மைதான். அதைச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகாது. நூறாண்டு கழிந்து, 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் கூடியவர்கள் மீது சுதந்திர இந்தியாவின் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.

அடுத்து, சதுப்பு நிலம். ரயத்துவாரிக் கணக்கில் தீர்வை தராத நிலம் வீண் நிலம். அந்தக் கணக்கை எழுதியவர்கள் 1947-இல் போனார்கள், கணக்கு இருந்தது. இந்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பே சதுப்பு நிலத்தை ஒரு தரிசு வகையாகத்தான் வைத்தது. தென்சென்னையின் 30-க்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடல் சேர வேண்டும். சுற்றியிருந்த ஊர்களுக்கு அதில் மீன் இருந்தது, கோரை இருந்தது, மாட்டுக்கு மேய்ச்சல் இருந்தது. மாநகரத்தின் கண்ணுக்கு அது காலி மனை. 1980-களில் பெருங்குடி ஓரத்தில் குப்பை கொட்டத் தொடங்கியது. பிறகு அரசு ஆய்வு நிறுவனங்கள், ரயில் நிலையம், கணினி நிறுவனங்கள், அடுக்ககங்கள். 50 சதுர கிலோமீட்டர் இருந்த சதுப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின் 2007-இல் ஒரு பகுதி காப்புக் காடானது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஆளில்லாத நிலம் என்று அறிவித்துவிட்டு உள்ளே நுழைவது ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் செய்த வேலை. அதே வாசகத்தைச் சட்டமாக எழுதாமலே செய்துகாட்டினோம் நாம்.

மாநகரம் தனக்கு வேண்டாததைத் தெற்கே அனுப்பும் பழக்கம் குப்பையோடு தொடங்கவில்லை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் இல்லம் திறந்தார். நோயாளிக்குத் தூய காற்று வேண்டும் என்பது அன்றைய மருத்துவம். அதில் நன்மையே நடந்தது, பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகளை மற்ற இடங்கள் ஒதுக்கியபோதும் சேர்த்துக்கொண்டது அந்த மருத்துவமனை. ஆகவே அனுப்பியதெல்லாம் தீமை என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல்லாவரம், திரிசூலம் மலைகளை உடைத்த கல் நகரத்துக்குப் போனது. கோடைதோறும் புறநகர் விவசாயக் கிணறுகளின் நீர் தண்ணி லாரியில் நகரத்துக்குப் போகிறது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டையில் தேங்கிய நீரையும் எடுத்துக் குடித்தோம். கல்லும் நீரும் அங்கிருந்து வரும், குப்பையும் ஆட்களும் இங்கிருந்து போவார்கள். பழைய பேரரசுகளின் துறைமுகப் பேரேட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வரவு செலவு புதிதாக இருக்காது.

ஆட்கள் போன கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1971-இன் குடிசைப் பகுதிச் சட்டம் நல்ல சட்டம். குடிசை இருக்கும் இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் குடிசை மாற்று வாரியத்தின் முதல் கொள்கை. நகரத்துக்குள் பல இடங்களில் அதைச் செய்தும் காட்டினார்கள். 2000 வாக்கில் காற்று திசை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்கள், சுனாமியில் வீடிழந்தவர்கள், பாலம் கட்டவும் நதியை அழகுபடுத்தவும் இடம் கொடுத்தவர்கள் எல்லாம் சாமான் செட்டோடு லாரியில் வந்திறங்கினார்கள். சிலர் பள்ளி ஆண்டின் நடுவிலேயே. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போகும் பெண்களுக்கு வேலை 20 கிலோமீட்டருக்கு அப்பால் போனது. பஸ்ஸுக்கே கூலியில் ஒரு பங்கு போனது. பலர் வேலையை விட்டார்கள்.

இந்த நகர்களைத் தொடங்கியபோது அவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிகளில் இருந்தன என்பதை அதிகம் பேர் கவனித்ததில்லை. சென்னையில் ஓட்டுப்போட்டு, சென்னைக் கவுன்சிலரின் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டவர் ஒரே நாளில் கிராமவாசி ஆனார். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது திரும்ப உள்ளே வந்தன. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதல் மாடம்பாக்கம், பெருங்களத்தூர் வரை ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. பெரும்பாக்கம் அதிலும் சேரவில்லை. ஒரு நகரத்தின் மக்கள்தொகை கொண்ட குடியிருப்பு, கிராம ஊராட்சிக் கணக்கில் இருந்தது.

2015 வெள்ளம்தான் இந்த மனத்தை முழுதாகக் காட்டியது. டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். சரிதான். அதன் பிறகு அகற்றப்பட்டவை அடையாறு, கூவம் கரைகளின் குடிசைகள். சதுப்பைத் தூர்த்து எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன, நிற்கின்றன. குடிசைக்காரர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்றால், பள்ளிக்கரணை நீர்ப்பிடிப்பில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஏரி வெள்ளத்தில் நின்றார்கள். உன் நன்மைக்காகவே உன்னைக் கேட்காமல் செய்கிறேன் என்பதைவிடத் துல்லியமான காலனிய வாக்கியம் எனக்குத் தெரியாது.

கொண்டுபோய் வைத்த பின் அந்த இடத்துக்குப் பெயர் கெடும். சென்னை மாகாணத்தில் 1911 முதல் அமலான குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு பிறப்பையே குற்றமாக்கியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். சட்டம் இங்கே 1947-இல் ஒழிந்தது. இன்று கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பு பிறப்பு செய்த வேலையை இப்போது பின்கோடு செய்கிறது. நீதி கேட்டு ஊரையே எரித்தவளின் பெயரை இந்த நகருக்கு வைத்தவர் யாரோ, தெரிந்து வைத்தாரா என்று நினைத்துக்கொள்வேன்.

இருளர் கதை இன்னும் பழையது. இந்தப் பகுதிக் காடுகளிலும் நெல்வயல்களிலும் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அவர்களும் உண்டு. 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்து பாம்புத் தோலுக்கு வந்த ஏற்றுமதித் தடையும் பிழைப்பைப் பறித்தன. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக்கொடுத்தார்கள், 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதே சமூகத்தின் குடியிருப்புகள் பல இன்றும் மனைப்பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன. அறிவை எடுத்துக்கொள்வோம், நிலத்தைத் தர மாட்டோம்.

வடமாநிலத் தொழிலாளர் பற்றி ஒரு சொல். பழைய மாமல்லபுரம் சாலையின் கோபுரங்களைக் கட்டியவர்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். அவர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய காணொளிகள் பொய். அரசு அதை விரைந்து மறுத்தது, நல்லதே. ஆனால் தேநீர்க் கடையில் அவர்களைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொற்கள் பொய்யல்ல. சிலோனிலும் பினாங்கிலும் நம் பாட்டன்களை அழைத்த சொற்களின் உறவுக்காரச் சொற்கள் அவை.

இதையெல்லாம் காலனியம் என்பது சொல்லை மலிவாக்குவதாகும் என்று ஒரு மறுப்பு உண்டு. பலமான மறுப்பு. காலனிக்கு ஓட்டில்லை, இவர்களுக்கு உண்டு. பெரும்பாக்கத்தில் தன் பெயரில் கூரை கிடைத்த பெண்ணுக்கு அது சிறிய விஷயமில்லை. புறநகரும் ஒன்றும் அறியாத குழந்தையில்லை. சிட்லப்பாக்கம் ஏரியைச் சுருக்கியதில் உள்ளூர் வீடுகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பங்குண்டு. மனை வாங்கி வந்த நடுத்தர வர்க்கம் அடுத்து வந்த ஏழையைப் பார்த்து முகம் சுளிக்கிறது. எனவே காலனி ஆட்சி என்று இதை நான் சொல்லமாட்டேன். காலனிய மனம் என்பேன். அந்த மனம் ஆட்சியைவிட நீண்ட ஆயுள் உடையது என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே சான்றிருக்கிறது. வெள்ளையன் 1894-இல் போட்ட நிலமெடுப்புச் சட்டத்தை 2013-இல் நாடாளுமன்றம் மாற்றி, நிலம் கொடுப்பவரின் ஒப்புதலுக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கும் இடம் வைத்தது. தமிழக அரசு தன் மூன்று மாநிலச் சட்டங்களை அந்தக் கடமைகளிலிருந்து விலக்கிவைத்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டதும் அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. மாநில உரிமைக்காக டெல்லியோடு வழக்காடும் அதே கோட்டையில்தான் இந்தக் கோப்பு நகர்ந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022 முதல் போராடும் ஏகனாபுரத்துக்காரர்களுக்கு இது படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை.

சேரிகளைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். பெயர்ப்பலகையை மாற்றுவது இருப்பதிலேயே சுலபமான பகுதி.

கடினமான பகுதிக்கு ஒரு தொடக்கம் தாம்பரத்திலேயே நடந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று, நகரப் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடியபோது, முதல்வர் உட்கார்ந்த சபை தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்தது. தெருக்காரர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அப்படி ஒரு சபை, ஒரு குடும்பத்தைக் கூவக் கரையிலிருந்து எழுப்புவதற்கு முன் அந்தக் கரையில் கூடட்டும். அதன் சம்மதம் இல்லாமல் பெரும்பாக்கத்துக்கு இன்னொரு லாரி வரக் கூடாது. பெரும்பாக்கம் மாநகராட்சிக்குரிய வார்டுகளோடும் கவுன்சிலர்களோடும் இருக்கட்டும். நகரத்துக்குள் சும்மா கிடக்கும் அரசு நிலங்களின் பட்டியலை முதலில் வெளியிடட்டும். இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் அங்கே குடியேற்றப்பட்டவர்கள் மட்டுமில்லை. அவர்கள் காலி செய்த இடத்தின் வழியாக இன்று காரில் போகிறவர்களும்தான்.